மிச்சத்தில் இருப்பதுதான் நியூட்ரினோ

நியூட்ரினோ சோதனைகளில் ஆய்வு மாணவர்களாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், எந்தப் புத்தகத்தை முதலில் படிக்கட்டும்?" புத்தகப் பட்டியலை யாரும் தருவார்கள். நாற்பது ஆண்டுகளை டிடெக்டர்களோடு கழித்தவன் தர வேண்டியது வேறு. வருஷா வருஷம் வாயால் சொல்லிவந்ததை இந்த முறை எழுதித் தருகிறேன். சில நீளும், சில நாலு வரியில் முடியும். வரிசைக்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை, முதலாவதைத் தவிர.

1. எந்த நிறையைச் சொல்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள்.

நியூட்ரினோவுக்கு நிறை உண்டா என்று யாராவது கேட்டால் உண்டு என்று தயங்காமல் சொல்லலாம். எவ்வளவு என்று கேட்டால் நிதானியுங்கள். நம்மிடம் நாலு வழிகள் இருக்கின்றன. நாலும் நாலு வேறு அளவுகளைத் தருகின்றன.

எலக்ட்ரான் வகை, மியூவான் வகை, டாவ் வகை என்று நாம் பெயர் வைத்திருக்கும் மூன்றில் ஒவ்வொன்றும் மூன்று நிறைகளின் கலவை. பறந்து போகும் வழியில் கலவை மாறுகிறது. ஒரு வகையாகப் புறப்பட்டது வேறு வகையாக வந்து சேர்கிறது. இதுதான் அலைவு. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் கிடைக்கும். ஒன்று சுமார் 0.000075, மற்றொன்று சுமார் 0.0025, எலக்ட்ரான் வோல்ட்டின் வர்க்கத்தில். அண்ணன் தம்பிக்கு எத்தனை வயது இடைவெளி என்று தெரியும், ஒருவர் வயதும் தெரியாது என்பது போன்ற நிலை. அதிலும் மூன்றாமவர் மூத்தவரா இளையவரா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. சீனாவின் ஜியாங்மென் அருகே 20,000 டன் திரவ சிண்டிலேட்டரோடு 2025 ஆகஸ்டில் அளக்கத் தொடங்கிய ஜூனோ அந்த வரிசையைத் தீர்மானிக்கத்தான் கட்டப்பட்டது. பெரிய வித்தியாசத்தின் வர்க்கமூலம் 0.05. ஆக, மூன்றில் ஒன்றாவது 0.05 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாது. அலைவு அதற்கு மேல் சொல்லாது.

நேரடியாக எடை போடும் வழி டிரிட்டியத்தின் பீட்டா சிதைவு. அது மூன்று நிறைகளையும் எலக்ட்ரான் வகையில் அவற்றுக்குள்ள பங்கின்படி சேர்த்து ஓர் எண்ணாகத் தருகிறது. நியூட்ரினோ வெளிவராத இரட்டை பீட்டா சிதைவு என்றாவது காணப்பட்டால், அது இன்னொரு விதமாகக் கூட்டிய எண்ணைத் தரும். அதற்கு நியூட்ரினோவே தன் எதிர்த்துகளாகவும் இருந்தாக வேண்டும். பிரபஞ்சவியலோ மூன்றின் கூட்டுத்தொகைக்கு மேல்வரம்பு சொல்கிறது. பிளாங்க் விண்கலத் தரவுகளை மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்ததில் அது 0.12. பிரபஞ்சத்தைப் பற்றிய மாதிரியை மாற்றினால் அந்த எண்ணும் நகரும்.

கருத்தரங்கில் எழுந்து "நியூட்ரினோ நிறை இவ்வளவு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் மாணவரைப் பார்த்தால் எனக்கு மனம் சங்கடப்படும். எந்தக் கலவை, எந்த அனுமானம் என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. கருவியை அளந்து முடிக்கும்வரை நியூட்ரினோவை அளக்கத் தொடங்காதீர்கள்.

ரே டேவிஸை அறியாமல் இந்தத் துறையில் இருக்கக் கூடாது. தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், 1,478 மீட்டர் ஆழத்தில், ஒரு பெரிய தொட்டி. அதில் 3,80,000 லிட்டர் பெர்குளோரோஎத்திலீன், சலவைக் கடையில் பட்டுத்துணி வெளுக்கிற அதே திரவம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ ஒரு குளோரின் அணுவைத் தொட்டால் அது ஆர்கானாக மாறும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹீலியத்தைக் குமிழிகளாகச் செலுத்தி, அத்தனை திரவத்திலிருந்தும் அந்த ஒருசில ஆர்கான் அணுக்களைப் பிரித்தெடுத்து, சிறிய கவுண்ட்டரில் அடைத்து, 35 நாள் அரை ஆயுளோடு அவை சிதைவதை அவர் எண்ணினார். இருபத்தைந்து ஆண்டுக் காலத்தில் தொட்டியில் உருவானவை மொத்தம் இரண்டாயிரம் அணுக்கள் அளவுக்குத்தான்.

சூரியனிலிருந்து இவ்வளவு வர வேண்டும் என்று ஜான் பாகால் போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. கேட்டவர்கள் எல்லாரும் டேவிஸின் வேதியியலைத்தான் சந்தேகித்தார்கள். சந்தேகப்பட்டது நியாயம். அவரும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஓட்டத்திலும் அளவு தெரிந்த ஆர்கானைத் தானே தொட்டிக்குள் விட்டு, எவ்வளவு திரும்ப வருகிறது என்று பார்த்தார். பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் திரும்பி வந்தது. மற்றவர்கள் கேட்பதற்கு முன்பே, தொலைந்து போகக்கூடிய வழிகள் ஒவ்வொன்றையும் தானே தேடி அடைத்தார்.

கடைசியில் அவரும் சரி, பாகாலும் சரி. கனடாவின் சட்பரியில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் 1,000 டன் கனநீர் வைத்துச் செய்த சோதனை, 2001, 2002 ஆண்டுகளில், சூரியனிலிருந்து புறப்பட்டவை முழு எண்ணிக்கையில் வந்து சேர்கின்றன, மூன்றில் இரண்டு பங்கு வழியில் வகை மாறிவிட்டன என்று காட்டியது. டேவிஸின் குளோரினுக்கு எலக்ட்ரான் வகையை மட்டுமே பார்க்கத் தெரியும். 2002இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 87. தன் கருவியை அந்த அளவுக்கு அவர் அறிந்திராவிட்டால், முப்பது வருஷம் உலகமே சந்தேகித்தபோது அந்த எண்ணை மாற்றாமல் நின்றிருக்க முடியாது.

3. ஒருமுறையாவது சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டு வாருங்கள்.

திரையில் வரைபடம் பார்த்தே முனைவர் பட்டம் வாங்கிவிடலாம் என்ற நிலை இப்போது வந்திருக்கிறது. அது போதாது. தரைமட்டத்தில் உங்கள் உள்ளங்கை அகலத்தில் விநாடிக்கு ஒரு மியூவானாவது இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கிலோமீட்டர் பாறைக்குக் கீழே போனால் அது லட்சத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். பாறை என்ன செய்கிறது என்பதை உடம்பால் உணர வேண்டும். அப்போதுதான் பின்னணிக் கணக்கில் உள்ள ஒவ்வொரு பூஜ்ஜியத்தின் அருமையும் புரியும்.

கோலார் தங்க வயலில், 1960களின் தொடக்கத்தில், சுமார் 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் கருவியை ஓடவிட்டும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் அந்த வெறுமையில் ஒரு வாய்ப்பைக் கண்டார்கள். மேலிருந்து எதுவும் வராத இடத்தில் பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது பாறைக்குள் ஒரு நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க முடியும். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்துகொண்டன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், சிண்டிலேட்டர்களையும் நியான் குழாய்களையும் சுவர்போல் நிறுத்தி, வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 இதழில் வந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதையே தேடிக்கொண்டிருந்த ரெய்ன்ஸ் குழுவுக்கு முதல் நிகழ்வு முன்னதாகவே கிடைத்திருந்தது. ஆனாலும் அவர்கள் கட்டுரை அச்சாக இன்னும் பதினைந்து நாள் ஆயிற்று.

நான் அங்கே இறங்கியது அந்தச் சோதனைகளின் கடைசி வருஷங்களில். கேஜுக்குள் என் பக்கத்தில் நின்றவர்கள் பேசியது தமிழ். வட ஆர்க்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து அந்த வெக்கையில் பாறை உடைத்தவர்கள். பாறை எந்த நேரத்தில் வெடிக்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர்கள். நாம் எழுதிய கட்டுரைகளில் அவர்கள் பெயர்கள் இல்லை. அந்தக் குகைகளைக் குடைந்தது அவர்கள் கை என்பதை நீங்களாவது உங்கள் ஆய்வேட்டின் நன்றியுரையில் எழுதுங்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

4. பின்னணியை எதிரி என்று நினைக்காதீர்கள். அதன் வம்சாவளியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காற்றில் ரேடான் இருக்கிறது. அது சிதைந்து ஈயம்-210 ஆகிறது. அதற்கு அரை ஆயுள் 22 ஆண்டுகள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில், டிரிட்டியச் சிதைவிலிருந்து நிறையை அளக்கக் கட்டிய காட்ரின் சோதனையில், 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் விட்டமும் கொண்ட எஃகுக் கலத்தைக் கற்பனை செய்யுங்கள். உள்ளே மின்கம்பிகளைப் பொருத்த வருஷக்கணக்கில் அது திறந்திருந்தது. அப்போது புகுந்த சாதாரணக் காற்றின் ரேடான், ஈயமாக மாறிச் சுவரில் பதிந்துகொண்டது. பிறகு எத்தனை உயர்ந்த வெற்றிடம் உண்டாக்கினாலும், அந்த ஈயத்தின் சிதைவுகள் சுவரிலிருந்து கிளர்வுற்ற அணுக்களை உதறிக்கொண்டே இருக்கின்றன. அவை கலத்தின் நடுவே எலக்ட்ரான்களைச் சிந்துகின்றன. என்றோ சுவாசித்த காற்றுக்கு இன்றைக்குக் கணக்கு கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜப்பானில், நியூட்ரினோ வெளிவராத இரட்டை பீட்டா சிதைவைத் தேடிய காம்லாண்ட்-ஜென் சோதனையில் செனான் நிரப்பிய மெல்லிய பலூனைத் தொங்கவிட்டு 2011இல் அளக்கத் தொடங்கினார்கள். அவர்கள் தேடிய ஆற்றல் பகுதியிலேயே எதிர்பாராத ஒரு மேடு தெரிந்தது. அவசரப்பட்டிருந்தால் பெரிய கண்டுபிடிப்பு என்று கூவியிருக்கலாம். அது வெள்ளியின் கதிரியக்க ஐசோடோப்பு என்று அடையாளம் கண்டார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் ஃபுகுஷிமா உலையிலிருந்து பரவியது பலூனில் ஒட்டியிருக்கக்கூடும் என்றார்கள். பிறகு சுத்திகரித்து, மறுபடி அளந்து, இன்று அந்தச் சிதைவின் அரை ஆயுள் 3.8×10²⁶ ஆண்டுகளுக்குக் குறையாது என்று சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இத்தாலியின் கிரான் சாசோவில் குவோரே சோதனைக்கு ஈயக் கவசம் வேண்டியிருந்தது. புதிதாக உருக்கிய ஈயத்தில் ஈயம்-210 இருக்கும். சார்டீனியாக் கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பல் ஒன்றிலிருந்து எடுத்த, இரண்டாயிரம் ஆண்டு பழைய ஈயக் கட்டிகளைத் தொல்லியல் துறையிடமிருந்து பெற்று உருக்கினார்கள். எழுத்துப் பொறித்த பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்துப் பாதுகாத்தார்கள். நம் சோதனைக்காக ஒரு பழம்பொருளை அழிக்கிறோம் என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது. அதை நான் மதிக்கிறேன்.

5. வர்க்கம் எதிர்க்குறியில் வந்தால் அதை மறைக்காதீர்கள்.

இது எனக்கு மிகவும் பிடித்த பாடம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டிரிட்டியம் சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரானும் நியூட்ரினோவும் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பங்கு சற்றுக் குறையும். நிறமாலையின் கடைசி நுனி வளையும். அந்த நுனியின் கடைசி ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் வருபவை லட்சம் கோடிச் சிதைவுகளில் ஒன்றுகூட இல்லை. நுனியின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்போது கணக்கில் வருவது நிறை அல்ல, நிறையின் வர்க்கம்.

1980இல் மாஸ்கோவின் ஒரு குழு, டிரிட்டியம் ஏற்றிய வாலின் என்ற அமினோ அமிலத்தை வைத்து அளந்து, நிறை சுமார் 30 எலக்ட்ரான் வோல்ட் என்று அறிவித்தது. அது உண்மையானால் பிரபஞ்சத்தின் இருண்ட பொருளுக்கு விடை கிடைத்துவிடும். எவ்வளவு பேர் அதை நம்ப விரும்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1986இல் சூரிக் குழு 18க்கு மேல் இருக்க முடியாது என்று காட்டியது. வாலின் போன்ற சிக்கலான மூலக்கூறில் சிதைவுக்குப் பின் எவ்வளவு ஆற்றல் தங்கிவிடுகிறது என்பதைத் துல்லியமாகக் கணக்கிடுவதே கடினம். அதனால் மற்றவர்கள் எளிய டிரிட்டிய வாயுவுக்கு மாறினார்கள்.

மாறியதும் வேறொரு சிக்கல் வந்தது. 1991இல் லாஸ் அலமோஸ் குழுவுக்கு நிறையின் வர்க்கம் −147 என்று வந்தது. அடுத்து லிவர்மோர் குழுவுக்கு −130. எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் எதிர்க்குறி வராது என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தக் குழுக்கள் வெட்கப்பட்டு எண்ணைப் பூஜ்ஜியத்துக்கு இழுக்கவில்லை. வந்ததை வந்தபடியே அச்சிட்டார்கள். தங்கள் கணக்கில் எங்கோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்பதை உலகத்துக்குத் திறந்து காட்டினார்கள்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உறைந்த டிரிட்டியப் படலத்தை வைத்து அளந்தவர்களுக்கும் எதிர்க்குறி வந்தது. தேடித் தேடிக் காரணத்தைக் கண்டார்கள். வழவழப்பாகப் படிந்த படலம் மெல்ல மெல்லச் சுருங்கித் திட்டுத் திட்டாகத் திரண்டுவிடுகிறது. அதிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்கள் எதிர்பார்த்ததைவிட அதிக ஆற்றலை இழக்கின்றன. வெப்பநிலையை 2 கெல்வினுக்குக் கீழே இறக்கியதும் படலம் நிலைத்தது. எதிர்க்குறி மறைந்தது. கடைசியில் 2.3 என்ற மேல்வரம்பைத் தந்தார்கள்.

லாஸ் அலமோஸ், லிவர்மோர் எண்களின் கதை முடிய இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2015இல், புதிய மூலக்கூறுக் கணக்குகளை அந்தப் பழைய தரவுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் எதிர்க்குறி காணாமல் போயிற்று. கருவிகள் சரியாகவே இருந்திருக்கின்றன. அன்றைக்குக் கிடைத்த மூலக்கூறுக் கோட்பாடுதான் போதாததாக இருந்தது. அன்று யாராவது அந்த −147ஐ அழகுபடுத்தி எழுதியிருந்தால், கோட்பாட்டைச் சரிபார்க்கும் அந்தச் சான்று அன்றோடு அழிந்திருக்கும்.

6. கேபிளைத் தொட்டுப் பாருங்கள்.

2011 செப்டம்பரில் ஓபரா குழு, செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் கடந்து கிரான் சாசோ வந்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோவிநாடி முந்தி வந்தன என்று அறிவித்தது. தூரத்தை 20 சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்திருந்தார்கள். பூமியின் சுழற்சியைக்கூடக் கணக்கில் எடுத்திருந்தார்கள். சில மாதங்களில் தெரிந்தது: நேரச் சமிக்ஞையைக் கொண்டுவரும் ஃபைபர் கேபிள் ஒன்று சரியாகச் செருகப்படவில்லை. கூடவே ஒரு கடிகார ஆஸிலேட்டரிலும் சிறு பிசகு. அதே குகைகளில் இருந்த இகாரஸ் கருவி தனியாக அளந்து, ஒளியின் வேகம்தான் என்று சொல்லிவிட்டது.

அவர்களைக் குறைத்துப் பேசுபவர்களோடு நான் சேர மாட்டேன். மாதக்கணக்கில் தங்களுக்குள் தேடியும் தவறு அகப்படாதபோது, எல்லாவற்றையும் வெளியே வைத்து "நீங்களும் தேடுங்கள்" என்றார்கள். கேபிளைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்களேதான்.

மாணவனாக இருந்தபோது எனக்கும் ஒரு சிண்டிலேட்டர் கருவி இப்படிப் பாடம் சொன்னது. தினமும் மாலை ஆறரை மணிக்கு எண்ணிக்கை ஏறும், இரவு பத்து மணிக்கு இறங்கும். மூன்று வாரம் காற்றழுத்தம், வெப்பநிலை, மின்னழுத்தம் என்று வரைபடமாக வரைந்து தள்ளினேன். கருவியைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பின் ஒரு மூலை உரிந்திருந்தது. மாலையில் தாழ்வாரத்து டியூப்லைட் எரியும்போது அந்த ஊசிமுனை இடைவெளி வழியே வெளிச்சம் புகுந்தது. அன்றிலிருந்து எந்தக் கருவியின் முன் போனாலும் முதலில் ஒரு டார்ச்சை எடுத்து அதைச் சுற்றி அடித்துப் பார்ப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

7. லாக் புத்தகத்தில் நேரத்தை எழுதுங்கள். பென்சிலால் எழுதாதீர்கள். "கொஞ்ச நேரம் முன்பு", "வழக்கம்போல்" என்ற சொற்கள் லாக் புத்தகத்தில் வரக் கூடாது. அழித்து எழுதாமல் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஷிஃப்டில் எதுவுமே நடக்கவில்லை என்றால், எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

8. விடையை உங்களிடமிருந்தே மறைத்து வையுங்கள்.

மனம் தனக்குப் பிடித்த எண் வந்ததும் தேடுவதை நிறுத்திவிடும். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, களைப்பு போதும். அதனால்தான் நல்ல குழுக்கள் பகுப்பாய்வின் ஒரு முக்கியப் பகுதியைப் பூட்டி வைக்கின்றன. காட்ரின் தன் முதல் அளவீட்டிலேயே மூலக்கூறு இறுதிநிலைகளின் பரவலை, அதாவது சிதைவுக்குப் பின் மூலக்கூறில் தங்கும் ஆற்றலின் கணக்கை, மாற்றி வைத்து, எல்லாப் பிழைகளையும் மதிப்பிட்டு முடித்த பிறகே உண்மையானதைப் போட்டது. அதுவரை நிறை என்ன என்று உள்ளே இருந்தவர்களுக்கே தெரியாது. உங்கள் சின்னப் பயிற்சித் தரவுக்கும் இப்படிச் செய்து பாருங்கள். பெட்டியைத் திறக்கும் நாளில் உங்கள் கை நடுங்கினால், சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

9. உடையும். உடைந்ததும் காரணத்தை எழுதுங்கள், பிறகு கட்டுங்கள்.

2001 நவம்பர் 12 அன்று ஜப்பானின் சூப்பர்-காமியோகாண்டேயில், 50,000 டன் தொட்டிக்குள் மறுபடி நீர் நிரப்பும்போது அடியில் ஒரு ஒளிப்பெருக்கிக் குழாய் உள்வாங்கி நொறுங்கியது. அரை மீட்டர் அகலக் கண்ணாடிக் குமிழ் அது. அதன் அதிர்ச்சி அலை பக்கத்துக் குழாயை நொறுக்க, அது அடுத்ததை நொறுக்க, சில விநாடிகளில் 11,000க்கும் மேற்பட்ட குழாய்களில் பாதிக்கும் மேல் போயிற்று. நியூட்ரினோ அலைவை 1998இல் உலகத்துக்கு உறுதிசெய்து சொன்ன கருவி அது. பொறுப்பில் இருந்த டொட்சுகா யோஜி அடுத்த நாளே, மீண்டும் கட்டுவோம் என்று எழுதினார். மிச்சக் குழாய்களைப் பரவலாக மாற்றி அமைத்து, ஒவ்வொன்றுக்கும் உறை போட்டு, அடுத்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி ஓடவிட்டார்கள். 2006இல் முழு எண்ணிக்கை திரும்பியது. அவர் 2008இல் காலமானார். டொட்சுகாவின் பெயரை உங்கள் தலைமுறை மறக்கக் கூடாது.

10. ஒன்றுக்காகக் கட்டியதை இன்னொன்றுக்காகவும் விழிப்போடு வைத்திருங்கள்.

சூப்பர்-காமியோகாண்டேக்கு முன்னோடியான காமியோகாண்டே புரோட்டான் சிதைவைத் தேடக் கட்டப்பட்டது. புரோட்டான் சிதையவில்லை. கொஷிபாவின் குழு மனம் தளராமல் நீரைச் சுத்தப்படுத்தி, ரேடானைக் குறைத்து, சூரிய நியூட்ரினோவுக்காகக் கருவியைத் திருத்தியது. வேலை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனிலிருந்து 13 விநாடிக்குள் 11 நியூட்ரினோக்கள் பதிவாயின. ஒன்றரை லட்சம் ஆண்டுக்கும் மேல் பயணம் செய்தவை விநாடிக் கணக்கில் ஒன்றாக வந்து சேர்ந்தன என்றால், அவற்றின் நிறை மிகச் சிறியது. அதிலிருந்தும் ஒரு மேல்வரம்பு கிடைத்தது.

ஒரு குறையும் உண்டு. அன்றைக்கு அவர்கள் கடிகாரம் உலக நேரத்தோடு துல்லியமாக இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். ஏழாவதில் நேரத்தைப் பற்றி நான் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னது இதற்காகவும்தான்.

11. ஊர்மக்களிடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழில்.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், 50,000 டன் காந்த இரும்பை 151 அடுக்குகளாக வைத்து, வளிமண்டல நியூட்ரினோக்களைக் கொண்டு நிறைவரிசையைக் கண்டறிய ஓர் ஆய்வகம் திட்டமிடப்பட்டது. 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு வளர்ந்தது, வழக்குகள் வந்தன, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் கூடாது என்று சொல்லிவிட்டது. மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறு மாதிரி மட்டும் கட்டப்பட்டு ஓடியது.

நியூட்ரினோவால் யாருக்கும் தீங்கில்லை. இப்போதும் உங்கள் கட்டைவிரல் நகத்தில் விநாடிக்குச் சூரியனிலிருந்து வரும் ஆறாயிரம் கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன. இதைச் சொல்வது எளிது. ஊரார் கேட்டதோ அது மட்டுமல்ல. மலையைக் குடைந்தால் நீரூற்று என்னாகும், வெடி வைத்தால் வீட்டுச் சுவர் என்னாகும், எடுத்த கல் எங்கே போகும், காட்டு விலங்கு எந்த வழியாகப் போகும் என்றார்கள். அவை பாமரக் கேள்விகள் அல்ல, பொறியியல் கேள்விகள். அவற்றுக்கு முதல் லாரி வருவதற்கு முன்பே, அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லியிருக்க வேண்டும். என் தலைமுறை அதைப் போதிய அளவு செய்யவில்லை என்று நினைக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு. பிழைக்கணக்கை ஆங்கிலத்தில் இருபது பக்கம் எழுதத் தெரிந்த நீங்கள், அதை ஒரு பாட்டிக்குப் புரியும்படி பத்து நிமிடம் சொல்லவும் பழகுங்கள்.

12. மெதுவாக நடக்கும் வேலை இது என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

காட்ரினின் அந்தப் பெரிய கலத்தைச் செய்த டெக்கென்டார்ஃப், கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து 400 கிலோமீட்டர்தான். சாலைகளில் அவ்வளவு பெரியது போகாது. டானூப் ஆற்றில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று சுற்றி, ரைன் ஆற்றின் வழியே மேலேறி, 8,000 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து 2006 நவம்பரில் கொண்டுவந்தார்கள். முதல் நிறை முடிவு வந்தது 2019இல்: 1.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே. 2022இல் 0.8. 2025இல், 259 நாள் தரவும் 3.6 கோடி எலக்ட்ரான்களும் சேர்ந்து, 0.45. எலக்ட்ரான் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தனைக்கும் அது இன்னும் மேல்வரம்புதான். நிறை எவ்வளவு என்பது இன்னும் கிடைக்கவில்லை. சட்பரியில் கனநீரைப் பயன்படுத்தலாம் என்று முதலில் சொன்ன ஹெர்பர்ட் சென் 1987இல் காலமானார். அங்கே முதல் விடை வந்தது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்தவர்களைத்தான் நான் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

13. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாருங்கள்.

இரண்டு சிண்டிலேட்டர் பலகைகள் தருகிறேன். ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வருவதை மட்டும் எண்ணுங்கள். முதல் இரவு மொட்டைமாடியில், மழை வந்தால் தார்ப்பாய் போட்டு. இரண்டாம் இரவு தரைத்தளத்தில், நாலு மாடி கான்கிரீட்டுக்குக் கீழே. மூன்றாம் இரவு மறுபடி மொட்டைமாடியில், முதல் இரவின் எண் திரும்ப வருகிறதா என்று பார்க்க. வியாழக்கிழமை காலை மூன்று எண்களோடு என் அறைக்கு வாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் பிழையை எழுதி வாருங்கள். முதலாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகவில்லை என்றால், அதையும் அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து பேசத் தொடங்குவோம்.